வலது பக்கக் கைப்பிடி

ஜூன் 2, திங்கள்

இன்றைக்கும் ஒரு நாற்காலி போச்சு. பந்தல்காரர் வாடகைக்குக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலி. கைப்பிடியைக் கடித்துக் குதறி வைத்திருக்கிறது நாய். இதோடு ஐந்து.

பந்தல்காரர் வந்து பார்த்துவிட்டு, "யக்கா, இந்த நாய்க்குச் சோறு வைக்கியளா இல்லியா?" என்றார்.

"ஒம்ம நாற்காலி சோத்த விட ருசியா இருக்கு போல. எல்லாத்தையும் அள்ளிட்டுப் போம்" என்று கத்திவிட்டேன். அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நாற்காலி இல்லாமலும் முடியாது. என் வீட்டுக்காரர் இறந்து இருபத்து நாலு நாள்தான் ஆகிறது. துஷ்டி கேட்க வருகிறவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டார்கள். முன்வாசலில் வாதாமரத்துக்குக் கீழேதான் உட்காருவார்கள். அவர்களை நான் வாங்க என்று கூப்பிடக் கூடாது. போயிட்டு வாறேன் என்று அவர்களும் சொல்லக் கூடாது. மீன் விலை வரைக்கும் பேசிவிட்டு, திடீரென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முறைதான். ஆனாலும் அந்த முதுகைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரும் சொல்லாமல்தான் போனார்.

இது அவருடைய டைரி. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். ஏஜென்ட் ஆபீசில் வருஷா வருஷம் கொடுப்பார்கள். ஒரு வரி எழுதியது கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு. நான் எழுதுகிறேன். வீட்டில் நாயைத் தவிர வேறு ஆள் இல்லை. அதோடு நான் பேசுவதில்லை.

ஜூன் 5, வியாழன்

ரெத்தினம் மயினி வந்தாள். அவருடைய அக்காள். உட்கார நாற்காலி இல்லை. பாயை விரித்தேன். முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து எழுந்து முனகினாள்.

நல்லா வேண்டும். அவர் உட்கார்ந்த வயர் நாற்காலியைத் தூக்கி எறியச் சொன்னது அவள்தான். உயிர் போன நாற்காலியை வீட்டில் வைக்கக் கூடாதாம். தலையணை, பாய் எல்லாவற்றோடும் சுடுகாட்டுப் பாதையில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பச்சை வயர். பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாயும் ஆறு வருஷமாக அதன் வலது பக்கத்தில்தான் கிடக்கும். இவர் கை தொங்கும், அதற்குக் கீழே அது தலையைக் கொண்டுபோய் வைக்கும். ஒரு நாளும் அதைக் கடித்ததில்லை. அது இருந்திருந்தால் இந்தப் பாடு உண்டா?

"செல்லக்கனி, ஒன்னு சொல்லுதேன், கோவப்படாத. இந்த நாய வச்சுக்கிடாத. தம்பி சட்டக் கைய அன்னைக்குப் பாத்தியா? கிழிஞ்சு தொங்குச்சு. மணிக்கட்டுல பல்லுத் தடம். உயிர் போற நேரத்துல கடிச்சிருக்கு. அந்தப் பயத்துலயே கூட..."

"போதும் மயினி."

"இல்ல, பொறவு அத யாரு பின்னால கொண்டு கட்டுனது?"

"அவியதான் கட்டியிருப்பாவ" என்றேன்.

அவள் எழுந்து சொல்லாமல் போனாள். நாய் கேட் வரைக்கும் அவள் பின்னால் போய்விட்டு வந்தது. அதற்குச் சுக்கான் என்று பேர். வாலை ஒரு பக்கமாகத் திருப்பித்தான் ஓடும், படகுச் சுக்கான் மாதிரி. அவர் வைத்த பேர். நான் நாயே என்றுதான் கூப்பிடுவேன்.

ஜூன் 9, திங்கள்

மகன் திலீபன் பெங்களூரில் இருந்து ஆர்டர் போட்டு அனுப்பியிருக்கிறான். பிரம்பு மாதிரி பிளாஸ்டிக்கில் பின்னிய இரண்டு நாற்காலி, மெத்தை வைத்தது. நடுவில் வைக்கக் கண்ணாடி மேசை. வெயில் தாங்கும், மழை தாங்கும், நாய் பூனை வளர்க்கும் வீட்டுக்கு ஏற்றது என்று போட்டிருந்ததாம்.

"போட்டுருக்கவன் வீட்டுல எந்த நாய் இருக்கு?" என்று கேட்டேன்.

"எம்மா, நீ எதையாவது நல்லதுன்னு சொல்லியிருக்கியா?"

நல்லதாக ஏதாவது நடந்தால் சொல்லமாட்டேனா.

ஜூன் 11, புதன்

முடிந்தது. ஒரு நாற்காலியின் கைப்பிடிப் பின்னல் முழுக்க உரிந்து தொங்குகிறது. அதைக் கதவுப் படி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மெத்தை பிய்ந்து வாசலெல்லாம் வெள்ளைப் பஞ்சு. கண்ணாடி உடையவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். ஓடவில்லை. படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. ஓடினாலாவது பரவாயில்லை.

ஜூன் 12, வியாழன்

கைப்பிடியில் மிளகாய் வற்றலை அரைத்துப் பூசினால் நாய் வாய் வைக்காது என்று பக்கத்து வீட்டு ஞானசுந்தரி சொன்னாள். பூசினேன். தும்மித் தும்மிக் கடிக்கிறது. மறந்துபோய் நான் கண்ணைக் கசக்கி, ஒரு மணி நேரம் குழாயடியில் நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து ஞானசுந்தரி ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள். நான் அழவில்லை. இதுவரைக்கும் அழவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

திலீபனோடு போனில் சண்டை. பிய்ந்த நாற்காலியின் படத்தைப் பார்த்துவிட்டான்.

"எம்மா, கேட்டுக்கோ. இன்னும் ஒரு நாற்காலி போச்சுன்னா நாய் அந்த வீட்டுல இருக்காது. முத்தையாபுரத்துல என் கூட்டாளி உப்பளத்துக்குக் காவலுக்கு நாய் கேக்கான். ஜூலை இருவதாம் தேதி வாறேன். வண்டியோட வாறேன்."

"உப்பளத்துல நிழல் ஏது?"

"அப்பாவக் கடிச்ச நாய்க்கு நிழல் எதுக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

கொண்டு போகட்டும். எனக்கென்ன. இரண்டு வேளை சோறு மிச்சம். ஆனால் என் வீட்டு வாசலில் எதைப் போட வேண்டும், எதை வளர்க்க வேண்டும் என்று சொல்ல இவன் யார்? நாய் கடிக்காத நாற்காலி உலகத்தில் ஒன்றுகூடவா இருக்காது?

ஜூன் 16, திங்கள்

டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் நாய் இருக்கிற வீடு என்றுதான் முதலில் சொன்னேன்.

தேக்கு என்றான் ஒருவன். மரத்தில் பல் பதியாதா என்றேன். "பதியும். ஆனா தேக்கு இல்லியா, அழகா பதியும்" என்றான். அடுத்தவன் அலுமினியத்தைக் காட்டினான். தூக்கிப் பார்த்தேன், சுண்டு விரலில் வந்தது. என் நாய் அதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு கடையில் துணி நாற்காலி. வாய் வைக்கவே வேண்டாம், நகம் பட்டாலே போதும். கடைசியில் ஒரு பையன் வந்து, "பாட்டி, நாய மாத்திப் பாருங்களேன்" என்று சிரித்தான். அவனைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டான்.

ஜூன் 21, சனி

வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்பு நாற்காலி செய்து வாங்கினேன். கைப்பிடியும் இரும்புக் குழாய். "யக்கா, இதுல வாய வச்சா நாய்தான் கவலப்படணும்" என்றார் பட்டறைக்காரர் மரியதாஸ். பெயின்ட் மட்டும் வருஷா வருஷம் அடிக்க வேண்டுமாம், உப்புக் காற்று தின்றுவிடுமாம்.

மத்தியானம் உட்கார்ந்தேன். தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருக்கட்டும். கடிக்க முடியாதில்லையா.

ஜூன் 25, புதன்

காலையில் வாசல் பெருக்க வந்தால் நாற்காலி மறுபடியும் கதவுப் படியில் நிற்கிறது. அவ்வளவு கனமான இரும்பை இழுத்திருக்கிறது. தரையில் நாலு கோடு. கைப்பிடியில் ரத்தம்.

நாயைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். ஒரு கோரைப் பல் பாதி இல்லை.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் நாயை ஏற்ற மாட்டேன் என்றார். வாயில் ரத்தத்தோடு நடந்தா வரும் என்று நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். ஏற்றினார். மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டு மருந்து கொடுத்தார்கள். ஊசி போடும்போது என் முழங்கையைக் கவ்விக்கொண்டது. கடிக்கவில்லை. கவ்விக்கொண்டு மட்டும் இருந்தது.

திரும்பி வந்து அந்த இரும்பு நாற்காலியை நான் உதைத்த உதையில் என் கால் விரல் வீங்கிவிட்டது. மரியதாஸ் மேல் கோபம். திலீபன் மேல் கோபம். எல்லாரையும் விடச் செத்துப்போன மனுஷன் மேல் கோபம். நெஞ்சு வலித்தால் வாயைத் திறந்து ஒரு சத்தம் போடக் கூடாதா? முப்பத்து நாலு வருஷம் "ஏளா, தண்ணி" என்று தெருவுக்கே கேட்கக் கத்தத் தெரிந்தது. அன்றைக்குத் தெரியவில்லை.

ஜூன் 28, சனி

திலீபன் புதிதாக ஒன்று சொல்கிறான். சிமென்ட் பெஞ்சு. பூங்காவில் போடுகிற மாதிரி. முதுகில் அவர் பேரும் பிறந்த தேதி இறந்த தேதியும் பொறித்து, 'நினைவாக' என்று போட்டு வாசலில் பதித்துவிடலாமாம். நாய் கடித்தாலும் ஒன்றும் ஆகாதாம்.

"அப்படியே மேல ஒரு கூரையும் போட்டுரு. திருச்செந்தூர் பஸ்சு நிக்கும்" என்றேன்.

"அப்போ நாய அனுப்புதேன்."

"அனுப்பு. யாரு வேண்டாம்னா?"

சாயங்காலம் நாய்க்குப் பல் வலிக்கும் என்று சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தேன். அனுப்பும் வரைக்கும் சாகாமல் இருக்க வேண்டுமே, அதற்காக.

ஜூலை 3, வியாழன்

ஒன்று தோன்றியது. பழைய வயர் நாற்காலியை மட்டும் ஏன் ஆறு வருஷமாகக் கடிக்கவில்லை? அந்த வயரில் ஏதோ இருக்கிறது. அதே வயரில் பின்ன வேண்டியதுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை அவர் அதைப் பின்னக் கொண்டு போவது தபாலாபீஸ் பக்கம் குணசீலன் என்பவரிடம். நாற்பது வயது இருக்கும். கண் தெரியாதவர். ஆபீஸ் நாற்காலிகளெல்லாம் அவரிடம்தான் பின்ன வரும். பிய்ந்துபோன பிளாஸ்டிக் பிரம்பு நாற்காலியை ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பேரைச் சொன்னேன்.

"ஜெயக்கொடி அண்ணாச்சி வீட்டு யக்காவா? பச்ச வயரு. அண்ணாச்சி எப்பிடி இருக்காவ?"

இந்த ஊரில் இவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை போல. சொன்னேன். கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

"அந்த வயரு வேணும். நாய் கடிக்காத வயரு" என்றேன்.

"யக்கா, அது எல்லாக் கடையிலயும் விக்குத சாதா வயரு. ஒங்க நாய் கடிச்சா ஒரு நிமிசத்துல அந்துரும். அது கடிக்காம இருந்ததுக்கு வயரு காரணம் இல்ல."

நாற்காலியைத் தடவிப் பார்த்தார். இடது பக்கம், முதுகு, உட்காருகிற இடம். ஒவ்வொரு இழையாக. பிறகு வலது கைப்பிடிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

"மத்த நாற்காலியெல்லாம் எந்தப் பக்கம் கடிச்சுச்சு?"

யோசித்தேன். பந்தல்காரரின் ஐந்து நாற்காலியும் வலது கை. இரும்பும் வலது கை.

"கடிக்கல யக்கா. மெல்லுத பல்லு வேற, கூப்பிடுத பல்லு வேற. மென்னா இழையெல்லாம் நசுங்கி நாலு பக்கமும் கெடக்கும். இது பூராவும் ஒரே பக்கமா இழுபட்டிருக்கு, பாருங்க. எங்க வீட்டு நாயும் லாரி வந்தா என் சட்டக் கைய இப்பிடித்தான் கவ்வி இழுக்கும். எத்தன சட்ட போயிருக்கு தெரியுமா? எம் பொண்டாட்டி அதயே ஏசுவா." சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார். "யார எழுப்புது?"

உமக்குப் பின்னத் தெரிந்தால் பின்னும், ஜோசியம் சொல்ல வேண்டாம் என்று கத்தினேன். நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

சமைக்கவில்லை. நாய்க்குப் பிஸ்கட்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

மே ஒன்பதாம் தேதி. மூன்று மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டு அவர் வெளியே போய் உட்கார்ந்தார். நான் உள்ளே படுத்தேன். நாய் குரைத்தது. விடாமல் குரைத்தது. எழுந்து வெளியே போனேன்.

அவர் தலை சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எப்போதும் அப்படித்தான் தூங்குவார். நாய் அவருடைய சட்டைக் கையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்கும், விடும், குரைக்கும், மறுபடி மணிக்கட்டோடு சேர்த்துக் கவ்வும். என்னைப் பார்த்ததும் என்னிடம் ஓடி வந்தது, மறுபடி அவரிடம் ஓடியது.

"மனுசனக் கொஞ்ச நேரம் ஒறங்க விடமாட்டியா சனியனே" என்றேன்.

கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனேன். வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றியது. பின்னால் துவைக்கிற கல்லோடு சேர்த்துக் கட்டினேன். திரும்பி வந்து படுத்தேன். அது கத்திக்கொண்டே இருந்தது. காதின் மேல் தலையணையை வைத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். அதுதான். நன்றாகத் தூங்கினேன்.

நாலரைக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

நான் போய்ப் பார்த்தபோது அவருக்கு உயிர் இருந்ததா என்று தெரியாது. நான் தொட்டுப் பார்க்கவில்லை. நாய்தான் தொட்டது.

சட்டையைப் பார்த்து எல்லாரும் நாய் கடித்துவிட்டது என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் பங்கையும் சேர்த்து அது சுமந்துகொண்டு திரிகிறது. விளக்குமாற்றால் வேறு அடித்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

பின்வாசலுக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கம் போவதை விட்டிருந்தேன், துணியைக்கூடக் குளிக்கிற இடத்திலேயே துவைத்தேன். துவைக்கிற கல்லில் கயிறு அப்படியே கிடந்தது. படகில் கட்டுகிற கயிறு, விரல் கனம். அவர் வேலையில் இருந்து நின்றபோது பழைய கயிற்றில் ஒரு சுருள் கொண்டுவந்து போட்டார். மீதிச் சுருள் கூரையில் தொங்குகிறது.

நாய் கட்டிக் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்குப் பல் தடம். மேலே பிசிறு பிசிறாக வந்திருக்கிறது, உள்ளே ஒரு இழை அறவில்லை. ஒன்றரை மணி நேரம் கடித்திருக்கிறது. அறுந்திருந்தால் அவரிடம் ஓடிப் போயிருக்கும்.

நாய்ப் பல்லுக்கு எது தாங்கும் என்று ஊரெல்லாம் கேட்டு அலைந்தேன். அது என் வீட்டுப் பின்வாசலிலேயே கிடந்தது. எனக்குத் தெரியாது என்று இங்கேயாவது பொய் எழுதக் கூடாது.

சுருளையும் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு குணசீலனிடம் போனேன்.

"வாங்க யக்கா. இன்னைக்கு என்னத்தச் சொல்லி ஏச வந்திருக்கிய?"

"இத வச்சுப் பின்னும்" என்றேன்.

தடவினார். பல் தடம் இருக்கிற இடத்தில் கை நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் மறுபடியும் ஏசியிருப்பேன்.

"கப்பல் கயிறு. வெயிலு, மழ, உப்பு எதுக்கும் அசையாது. கையிதான் எனக்குப் பிஞ்சுரும். சட்டம் துருப் பிடிக்காத குழாயில போடச் சொல்லுங்க. அகலமாப் போடணும், இழுத்தா சாயக் கூடாது. வலது கையி?"

"அதுல இந்தத் துண்ட வளையமாத் தொங்க விடும். அது பல்லு வைக்க."

ஜூலை 15, செவ்வாய்

மரியதாஸ் சட்டம் செய்தார், பல்லுக்காக அவரை ஏசியதற்குப் பதிலாகக் காப்பி கொடுத்தேன். குணசீலன் ஐந்து நாள் பின்னினார். விரலெல்லாம் கொப்புளம். "ஒங்க நாய எங்கிட்ட ஒருநா கூட்டிட்டு வாங்க, நான் அதக் கடிக்கணும்" என்றார்.

வாதாமரத்துக்குக் கீழே போட்டோம். நாய் மோந்து பார்த்தது. வளையத்தை ரொம்ப நேரம் மோந்தது. கவ்வவில்லை. நானும் உட்காரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

திலீபன் காரோடு வந்தான். பின்சீட்டில் கோணி விரித்து, சங்கிலி கொண்டு வந்திருந்தான். நாய் வாலைத் திருப்பிக்கொண்டு அவனிடம் ஓடியது.

"சங்கிலிய உள்ள வை" என்றேன். "மொதல்ல ஒன்னு கேளு. ஒங்க அப்பாவ அது கடிக்கல. எழுப்புச்சு. நான்தான் கொண்டு போய்ப் பின்னால கட்டுனேன். அவிய ஒறங்குதாவன்னு நெனச்சு."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தலையணை வரைக்கும் சொன்னேன். அவன் முகம் கறுத்துப் போனது.

"ரெண்டு மாசமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ என்னைய உப்பளத்துக்கு அனுப்புவ."

"வெளையாடாத."

"வெளையாடல. இப்ப அனுப்பு. என்னைய ஏத்து. அது எதுக்குப் போகணும்?"

அவன் கையில் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கயிற்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவர் சாடை அப்படியே.

நாய் எழுந்து வந்தது. வளையத்தைக் கவ்வியது. உடைந்த பல்லோடு இழுத்தது. கயிறு அசையவில்லை, நாற்காலி அசையவில்லை. முனகிக்கொண்டு மறுபடி இழுத்தது. என்னைப் பார்த்துக் குரைத்தது. அன்றைக்குக் குரைத்த அதே குரல்.

"எந்திரிலே!" என்று கத்தினேன். "அது எழுப்புதுல்லா! எந்திரி! எந்திரிலே!"

பதறி எழுந்தான். நாய் வளையத்தை விட்டது. அவன் முட்டியை மோந்தது, கையை நக்கியது. ஒரு சுற்று சுற்றி நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டது.

திலீபன் நின்றபடியே அழுதான். நான் அழுதேனா என்று எழுத மாட்டேன்.

ஜூலை 21, திங்கள்

திலீபன் காலையில் கிளம்பினான். கேட்டுக்குப் போனவன் திரும்பி வந்து, "எம்மா, போயிட்டு வாறேன்" என்றான். சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. சொன்னான். சங்கிலியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான், துணி காயப் போட ஆகும்.

மத்தியானம் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுக்கான் வந்து வளையத்தை இழுத்தது. எழுந்தேன். போய்ப் படுத்தது. மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி வந்தது. எழுந்தேன்.

ஏழு தடவை. சனியன், ஒரு வாய்க் காப்பி குடிக்க விடவில்லை. எட்டாவது தடவை வளையத்தை விட்டுவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த என் கைக்குக் கீழே தலையை வைத்தது. காப்பி ஆறிவிட்டது. எடுக்கக் கை அசைக்கவில்லை.